தகுதி இருந்தும் காப்பீடு இல்லாத குழந்தைகள்: அமெரிக்காவின் தீராத வாதம்

கேள்வி இதுதான்: "அமெரிக்காவில் ஏழைக் குழந்தைகளின் மருத்துவச் செலவை அரசே ஏற்கிறது என்கிறார்கள். அங்கே நாற்பது லட்சம் குழந்தைகளுக்குக் காப்பீடு இல்லை என்றும் சொல்கிறார்கள். இரண்டும் எப்படி உண்மையாக இருக்க முடியும்? குழந்தைகள் விஷயத்தில்கூட அந்த நாட்டுக் கட்சிகள் ஏன் இப்படி மோதிக்கொள்கின்றன?"

இரண்டுமே உண்மை. 2023ஆம் ஆண்டுக் கணக்கின்படி அமெரிக்காவில் 19 வயது நிரம்பாதவர்களில் சுமார் 5.4 விழுக்காட்டினருக்கு, அதாவது ஏறத்தாழ நாற்பது லட்சம் பேருக்கு, எந்தக் காப்பீடும் இருக்கவில்லை. மறுபுறம், மெடிக்கெய்டு என்ற ஏழையர் காப்பீட்டுத் திட்டத்திலும், அதன் துணையாகக் குழந்தைகளுக்கென்றே உருவான சிப் திட்டத்திலும் கோடிக்கணக்கான குழந்தைகள் இருக்கிறார்கள். நாட்டின் குழந்தைகளில் ஐந்தில் இருவருக்கு அரசே காப்பீட்டாளர் என்று சொல்லிவிடலாம். இவ்விரு செய்திகளுக்கும் நடுவே அதிகம் பேசப்படாத மூன்றாவது செய்தி ஒன்று இருக்கிறது. காப்பீடு இல்லாத குழந்தைகளில் பாதிக்கும் மேற்பட்டோர் இன்றுள்ள சட்டப்படியே அரசுத் திட்டத்தில் சேரத் தகுதியுடையவர்கள். விண்ணப்பமே போடாதவர்கள் உண்டு, போட்டதைப் புதுப்பிக்கத் தவறியவர்கள் உண்டு, புதுப்பிக்கச் சொல்லும் கடிதம் பழைய முகவரிக்குப் போய்விட்டதால் பெயர் நீக்கப்பட்டவர்களும் உண்டு. யாருக்குத் தகுதி கொடுப்பது, யார் பணம் தருவது என்பதைப் பற்றியே வாஷிங்டனில் அறுபது ஆண்டுகளாக வாதம் நடக்கிறது. குழந்தைகள் நழுவுவதோ பெரும்பாலும் இந்தக் காகித வேலையில்தான்.

தமிழ்நாட்டில் வலிப்பு வந்த குழந்தையை அரசு மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடுகிறவரிடம் காப்பீட்டு அட்டை எங்கே என்று யாரும் கேட்பதில்லை. அமெரிக்காவில் அந்த அளவுக்குப் பரவலான இலவசப் பொது மருத்துவமனை அமைப்பு இல்லை. 1986இல் வந்த ஒரு சட்டம், அவசர சிகிச்சைப் பிரிவுக்கு வரும் எவரையும் பரிசோதித்து அவர் நிலையைச் சீராக்கும்வரை திருப்பி அனுப்பக்கூடாது என்று மருத்துவமனைகளைக் கட்டாயப்படுத்துகிறது. ஆனால் அந்தக் கடமை அங்கேயே முடிந்துவிடுகிறது. ஆஸ்துமா முற்றி மூச்சுத் திணறும் சிறுமியை அவசரப் பிரிவு காப்பாற்றும். அடுத்த திணறல் வராமல் தடுக்கத் தினமும் எடுக்கவேண்டிய இன்ஹேலர் மருந்தை அது தராது. பின்னால் வீட்டுக்கு ஒரு கட்டணச் சீட்டும் வந்து சேரும். 2007இல் அதிபர் ஜார்ஜ் புஷ், அமெரிக்காவில் எவருக்கும் மருத்துவம் கிடைக்கத்தான் செய்கிறது, அவசரப் பிரிவுக்குப் போனால் போதும் என்ற பொருளில் பேசியபோது அது பெரும் விமர்சனத்துக்கு உள்ளானது இதனால்தான்.

இந்த அமைப்பு யாரும் திட்டமிட்டு வரைந்ததன்று. இரண்டாம் உலகப் போரின்போது 1942இல் கூலி உயர்வுக்கு அரசு கட்டுப்பாடு விதித்தது. ஆள் கிடைக்காமல் தவித்த நிறுவனங்கள் சம்பளத்துக்குப் பதிலாகக் காப்பீட்டைச் சலுகையாகக் கொடுக்கத் தொடங்கின. 1954ஆம் ஆண்டு வரிச் சட்டம் அந்தச் சலுகைக்கு வருமான வரி இல்லை என்று உறுதி செய்தது. அதற்குப் பின் அமெரிக்கக் குடும்பத்தின் மருத்துவம் வேலையோடு பிணைந்துவிட்டது. அப்பாவுக்கோ அம்மாவுக்கோ நல்ல வேலை இருந்தால் பிள்ளைக்குக் காப்பீடு; வேலை போனால் அதுவும் போகும். இதற்கு நடுவே 1945இல் அதிபர் ட்ரூமன் எல்லோருக்குமான தேசியக் காப்பீட்டை முன்வைத்தார். அமெரிக்க மருத்துவச் சங்கம் அதைப் பொதுவுடைமை மருத்துவம் என்று சாடி வீழ்த்தியது. இருபது ஆண்டுகள் கழித்து, 1965 ஜூலை 30 அன்று, லிண்டன் ஜான்சன் மிசௌரியிலுள்ள ட்ரூமனின் ஊருக்கே போய், முதியோருக்கான மெடிகேர், ஏழைகளுக்கான மெடிக்கெய்டு ஆகிய இரண்டையும் உருவாக்கிய சட்டத்தில் அவர் முன்னிலையில் கையெழுத்திட்டார்.

இவ்விரண்டில் மெடிகேர் நாடு முழுவதற்கும் ஒரே விதி, ஒரே நிர்வாகம். மெடிக்கெய்டோ ஃபெடரல் (ஒன்றிய) அரசும் மாநிலங்களும் செலவைப் பகிர்ந்துகொள்வது. அதை நடத்துவது மாநிலம். 65 வயதானவர் ஒருமுறை மெடிகேரில் சேர்ந்துவிட்டால் ஆயுளுக்கும் அதில் இருக்கிறார். மெடிக்கெய்டில் இருக்கும் குழந்தையோ தன் குடும்பம் இன்னும் ஏழைதான் என்பதை அவ்வப்போது மெய்ப்பித்துக்கொண்டே இருக்கவேண்டும். ஒரே நாளில் கையெழுத்தான இரண்டு திட்டங்களுக்குள் இப்படியொரு வேறுபாடு. முதியோர்களில் காப்பீடு இல்லாதவர் அநேகமாக இல்லை என்பதையும் குழந்தைகளில் நாற்பது லட்சம் பேர் இருக்கிறார்கள் என்பதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் விடையில் பெரும்பகுதி புலப்பட்டுவிடும். முதியோர் வாக்களிக்கிறார்கள் என்பதையும் சேர்த்துக்கொள்ளலாம்.

ஆனாலும் சட்டம் குழந்தைகளைக் கைவிட்டுவிட்டது என்று சொல்வது நியாயமாகாது. 1967இல் சேர்க்கப்பட்ட ஒரு பிரிவு, மெடிக்கெய்டில் உள்ள குழந்தைகளுக்குக் குறித்த கால இடைவெளியில் பரிசோதனையும், அதில் கண்டறியப்படும் குறைக்கு வேண்டிய சிகிச்சை முழுவதும் தரப்பட வேண்டும் என்கிறது. காகிதத்தில் பார்த்தால், பல தனியார் காப்பீடுகளைவிட இது தாராளமானது. 1980களில் கலிபோர்னியாவைச் சேர்ந்த பிரதிநிதிகள் சபை உறுப்பினர் ஹென்றி வாக்ஸ்மன், ஒவ்வோர் ஆண்டும் வரவுசெலவு மசோதாவுக்குள் சிறுசிறு விதிகளாகச் செருகியே தகுதி வரம்பை உயர்த்திக்கொண்டு போனார். 1989இல் ஆறு வயதுக்குட்பட்டோருக்கு வறுமைக்கோட்டின் 133 விழுக்காடு வரை. 1990இல் 1983 செப்டம்பர் 30க்குப் பின் பிறந்த எல்லா ஏழைக் குழந்தைகளுக்கும் என்று அது விரிந்தது. செலவு ஒரேயடியாக ஏறக்கூடாது என்பதற்காகப் பிறந்த தேதியை எல்லையாக வைத்தார்கள்.

அந்தத் தேதி பின்னாளில் ஆய்வாளர்களுக்குப் புதையலாக அமைந்தது. 1983 செப்டம்பரில் பிறந்த ஏழைக் குழந்தையும் அக்டோபரில் பிறந்த ஏழைக் குழந்தையும் மற்ற எல்லா வகையிலும் ஒத்தவர்கள். பின்னவருக்கு மட்டும் வளர்பருவத்தில் கூடுதலாகப் பல ஆண்டுகள் காப்பீட்டுத் தகுதி கிடைத்தது. அவர்களை 25 வயதில் ஒப்பிட்டுப் பார்த்தபோது, குறிப்பாகக் கறுப்பினத்தவரிடையே, செப்டம்பருக்குப் பின் பிறந்தவர்கள் மருத்துவமனையில் சேர்வது குறைந்திருந்தது. வரிப் பதிவேடுகளைக் கொண்டு செய்யப்பட்ட வேறோர் ஆய்வு, குழந்தைப் பருவ மெடிக்கெய்டுக்கு அரசு போட்ட பணத்தில் பாதிக்கும் மேல் அவர்கள் பெரியவர்களாகிக் கட்டும் கூடுதல் வரியாலும் பெறும் உதவித்தொகை குறைவதாலும் திரும்பி வருகிறது என்று கணித்தது. குழந்தை மருத்துவத்துக்கான செலவை இரக்கத்தின் பேரில் தரும் தானமாகப் பார்க்காமல் முதலீடாகப் பார்க்கச் சொல்பவர்களின் வலுவான சான்று இதுதான். எனக்கும் இது ஏற்புடையது.

எதிர்த்தரப்பிலும் சான்று உண்டு. அதை ஒதுக்கிவிட்டுப் பேசுவது முறையன்று. 1996இல் பொருளியலாளர் ஜொனாதன் க்ரூபர், ஜேனட் கரியுடன் சேர்ந்து, மெடிக்கெய்டு விரிவாக்கத்தால் குழந்தை இறப்பு குறைந்தது என்று எழுதினார். அதே ஆண்டில் டேவிட் கட்லருடன் சேர்ந்து எழுதிய இன்னொரு கட்டுரையில், அரசுத் திட்டத்தில் புதிதாகச் சேர்ந்தோர் எண்ணிக்கையில் ஏறக்குறைய பாதிக்கு ஈடாகத் தனியார் காப்பீடு சுருங்கியது என்று கணித்தார். அரசு கொடுக்க வந்தால் நிறுவனங்களும் குடும்பங்களும் தாங்கள் செலுத்திவந்த பிரீமியத்தை நிறுத்திக்கொள்கின்றன என்பது இதன் பொருள். ஒரே அறிஞர் ஒரே ஆண்டில் இரு கட்சிகளுக்கும் ஆயுதம் செய்து கொடுத்தார் என்று வேடிக்கையாகச் சொல்லலாம். பாதி என்ற அளவைப் பின்வந்த ஆய்வுகள் பலவும் குறைத்தே மதிப்பிட்டன. ஆனாலும் இந்த விளைவு இல்லவே இல்லை என்று எவரும் சொல்வதில்லை. 2007இல் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸின் வரவுசெலவு அலுவலகமும் சிப் திட்டத்தில் கால்பங்கு முதல் பாதிவரை இப்படி நடந்திருக்கலாம் என்றது. அந்தப் பணம் வீண் என்று ஒருவர் சொன்னால், தனியார் பிரீமியத்தின் சுமை குறைந்த குடும்பமும் பெரும்பாலும் வசதியான குடும்பமாக இராது என்பதை நினைவூட்டலாம். இருந்தாலும் கேள்வி நேர்மையான கேள்விதான்.

சிப் பிறந்த கதை வாதத்தின் குணத்தைக் காட்டுகிறது. 1993–94இல் கிளின்டன் அரசு எல்லோருக்குமான காப்பீட்டை முயன்று, காப்பீட்டு நிறுவனங்களின் தொலைக்காட்சி விளம்பரங்களுக்கும் காங்கிரஸின் எதிர்ப்புக்கும் முன்னால் தோற்றது. முழுமையாக முடியாவிட்டால் குழந்தைகளுக்காவது செய்வோம் என்ற எண்ணம் அந்தத் தோல்வியின் பின் எழுந்தது. ஜனநாயகக் கட்சியின் எட்வர்ட் கென்னடியும், யூட்டா மாநிலத்தின் பழைமைவாதியான குடியரசுக் கட்சிக்காரர் ஓரின் ஹேட்ச்சும் கைகோத்து, சிகரெட் வரியை உயர்த்திக் குழந்தைகளுக்குக் காப்பீடு தருவோம் என்றார்கள். 1997இல் பத்தாண்டுகளுக்குச் சுமார் 4,000 கோடி டாலர் என்று சட்டமானது. மெடிக்கெய்டுக்கு மேற்பட்ட வருமானமும் தனியார் காப்பீட்டுக்குப் போதாத வருமானமும் கொண்ட குடும்பங்களுக்கே இது. சமரசத்துக்கு ஒரு விலையும் இருந்தது. மெடிக்கெய்டில் தகுதியுள்ள எவர் வந்தாலும் அரசு செலவழித்தே ஆகவேண்டும். சிப்பில் அப்படியில்லை, ஒதுக்கப்பட்ட தொகை தீர்ந்தால் தீர்ந்ததுதான், குறித்த ஆண்டுகளுக்கொருமுறை காங்கிரஸ் மீண்டும் வாக்களித்து உயிர் கொடுக்க வேண்டும். அப்போது காப்பீடு இல்லாமலிருந்த குழந்தைகள் சுமார் ஒரு கோடி. அடுத்த இருபது ஆண்டுகளில் அது ஏறத்தாழ மூன்றில் ஒருபங்காகக் குறைந்ததில் சிப்புக்குப் பெரும் பங்குண்டு. ஆனால் ஆயுளைத் தவணை முறையில் பெற்ற திட்டம் ஒவ்வொரு தவணையிலும் பேரத்துக்கு உள்ளாகும் என்பதும் அன்றே முடிவாகிவிட்டது.

முதல் பெரிய பேரம் 2007இல் வந்தது. ஐந்தாண்டுகளில் 3,500 கோடி டாலர் கூடுதலாகத் தரும் மசோதாவை இரு அவைகளும் நிறைவேற்றின. செனட்டில் 67 பேர் ஆதரித்தார்கள், ஹேட்ச் உட்படக் குடியரசுக் கட்சியினர் பலரும் அவர்களில் அடக்கம். நடுத்தரக் குடும்பங்களை அரசு மருத்துவத்துக்கு இழுக்கும் முதற்படி இது என்று சொல்லி அதிபர் புஷ் அக்டோபரில் தடுப்பாணை (வீட்டோ) இட்டார். அதை மீறி நிறைவேற்றப் பிரதிநிதிகள் சபையில் மூன்றில் இரண்டு பங்கு வாக்கு தேவை. 273க்கு 156 என்று, பதின்மூன்று வாக்குகள் குறைந்தன. டிசம்பரில் மீண்டும் ஒரு மசோதா, மீண்டும் தடுப்பாணை. 2009 பிப்ரவரி 4 அன்று, பதவியேற்றுச் சில நாள்களே ஆன ஒபாமா கையெழுத்திட்டபின்தான் விரிவாக்கம் நடந்தது. சிகரெட் பாக்கெட்டுக்கு 39 சென்டாக இருந்த ஃபெடரல் வரி ஒரு டாலரைத் தாண்டியது.

அதே 2007ஆம் ஆண்டு பிப்ரவரியில் மேரிலாந்தில் 12 வயதுச் சிறுவன் ஒருவன் சொத்தைப் பல்லிலிருந்து மூளைக்குப் பரவிய நோய்த்தொற்றால் இறந்தான். பல்லைப் பிடுங்க 80 டாலர் ஆகியிருக்கும். மருத்துவமனைச் செலவு இரண்டரை லட்சம் டாலர் அளவுக்குப் போனது. அந்தக் குடும்பம் மெடிக்கெய்டுக்குத் தகுதியில்லாத குடும்பமன்று. வீடில்லாமல் அலைந்த காலத்தில் அவர்களது காப்பீடு காலாவதியாகிவிட்டது. அது இருந்த காலத்திலும் மெடிக்கெய்டை ஏற்கும் பல் மருத்துவர் கிடைப்பது அரிதாக இருந்தது, ஏனென்றால் அத்திட்டம் மருத்துவர்களுக்குத் தரும் கட்டணம் குறைவு. 2009 சட்டம் சிப்பில் பல் மருத்துவத்தைக் கட்டாயமாக்கியதற்கு இந்த மரணம் எழுப்பிய அதிர்ச்சி முக்கியக் காரணம். அட்டை இருப்பது ஒன்று, அதை ஏற்கும் மருத்துவர் பக்கத்தில் இருப்பது வேறொன்று.

2010 மார்ச் 23 அன்று வந்த ஒபாமாவின் மருத்துவச் சட்டத்தைக் குறித்துத் தமிழிலும் நிறைய எழுதப்பட்டுள்ளதால் குழந்தைகளைத் தொட்டதை மட்டும் சொல்கிறேன். பிறவி இதய நோயோ நீரிழிவோ உள்ள குழந்தையைக் காப்பீட்டு நிறுவனம் மறுக்கக்கூடாது. வாழ்நாள் உச்சவரம்பு வைக்கக்கூடாது. பிள்ளைகள் 26 வயதுவரை பெற்றோரின் காப்பீட்டில் இருக்கலாம். இவற்றைவிட ஆழமான மாற்றம் பெற்றோர் வழியாக நிகழ்ந்தது. மெடிக்கெய்டை ஏழைப் பெரியவர்களுக்கு விரிவாக்கிய மாநிலங்களில், பெரியவர்கள் தங்களுக்காக விண்ணப்பிக்கப் போனபோது பிள்ளைகளுக்கும் தகுதி உண்டென்று தெரிந்து சேர்த்தார்கள். ஏற்கெனவே தகுதி பெற்றும் சேராதிருந்த குழந்தைகளில் ஏழு லட்சம் பேர் இப்படி 2013க்கும் 2015க்கும் இடையில் சேர்ந்ததாக ஓர் ஆய்வு மதிப்பிட்டது. குழந்தைகளுக்கு முதலில் என்ற அரசியல் முழக்கத்தில் இருக்கும் பிழை இங்கே தெரிகிறது. பிள்ளை தனியாக மருத்துவமனைக்குப் போவதில்லை. பெற்றோர்தான் அழைத்துப் போகிறார்கள், பெற்றோர்தான் படிவம் நிரப்புகிறார்கள். தனக்கே காப்பீடு இல்லாத தாய்க்குப் பிள்ளையின் காப்பீட்டைத் தொடர்ந்து காப்பது கடினம். 2012இல் உச்ச நீதிமன்றம் அந்த விரிவாக்கத்தை மாநிலங்களின் விருப்பத்துக்கு விட்டது. டெக்சாஸ், ஃபுளோரிடா முதலியவை இன்றும் ஏற்கவில்லை. காப்பீடற்ற குழந்தைகள் மிகுதியாக இருக்கும் மாநிலம் டெக்சாஸ் என்பது தற்செயலன்று. 2019இல் அங்கே மட்டும் பத்து லட்சத்தை நெருங்கினார்கள். மாசசூசெட்ஸில் அந்த விழுக்காடு இரண்டைத் தொடுவதே அபூர்வம்.

காகிதம் எப்படிக் கதவாகிறது என்பதற்கும் டெக்சாஸே பாடம். 2003இல் வரவுசெலவுப் பற்றாக்குறை வந்தபோது அந்த மாநிலம் சிப்பின் வருமான வரம்பில் கைவைக்காமலே விட்டது. ஆண்டுக்கொருமுறை இருந்த புதுப்பித்தலை ஆறு மாதத்துக்கொருமுறை என்று மாற்றியது, சேர்வதற்குக் காத்திருப்புக் காலம் வைத்தது, சொத்து விவரம் கேட்டது. அடுத்த சில ஆண்டுகளில் ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகள் பட்டியலிலிருந்து மறைந்தார்கள். எந்த அரசியல்வாதியும் குழந்தைகளின் காப்பீட்டை வெட்டினேன் என்று மேடையில் சொல்லவேண்டியிருக்கவில்லை. செலவைக் குறைக்க விரும்பும் அரசுக்கு இதைவிட ஓசையில்லாத கருவி கிடையாது.

இதையே நாடளவில் 2023இல் கண்டோம். கொரோனா தொடங்கிய 2020 மார்ச்சில் வந்த சட்டம், பெருந்தொற்று முடியும்வரை மெடிக்கெய்டிலிருந்து யாரையும் நீக்கக்கூடாது என்றது. காப்பீடற்ற குழந்தைகளின் எண்ணிக்கை 2016இல் வரலாறு காணாத அளவுக்கு, சுமார் 36 லட்சமாகக் குறைந்து, பிறகு 2019இல் 44 லட்சமாக ஏறியிருந்தது. புதுப்பித்தலே இல்லாத இந்தக் காலத்தில் அது மறுபடியும் இறங்கியது. 2023 ஏப்ரலில் தடை விலகியதும் மாநிலங்கள் எல்லோரையும் மறுபரிசீலனை செய்தன. இரண்டரைக் கோடிக்கும் மேற்பட்டோர் நீக்கப்பட்டார்கள். அவர்களில் ஏறக்குறைய எழுபது விழுக்காட்டினர் தகுதியிழந்ததாகக் கண்டறியப்பட்டவர்கள் அல்லர், படிவம் வரவில்லை, பதில் இல்லை என்பன போன்ற நடைமுறைக் காரணங்களால் நீக்கப்பட்டவர்கள். இதன் படிப்பினையை ஓரளவு சட்டமும் ஏற்றது: 2024 ஜனவரி முதல் எல்லா மாநிலங்களும் ஒருமுறை சேர்த்த குழந்தையைப் பன்னிரண்டு மாதங்களுக்கு நீக்கக்கூடாது. ஓரிகன் ஒருபடி மேலே போய், பிறந்த குழந்தைக்கு ஆறு வயதுவரை தொடர் காப்பீடு தர 2022இல் அனுமதி பெற்றது. ஃபுளோரிடாவோ, பிரீமியம் கட்டத் தவறிய குடும்பத்தின் குழந்தையை நீக்கும் உரிமை வேண்டுமென்று ஃபெடரல் அரசின்மீது வழக்குத் தொடுத்தது.

குடியேறிகளின் குழந்தைகளுக்கு இன்னொரு தடை. 1996 நலத்திட்டச் சீர்திருத்தம், சட்டப்படி வந்தவர்களுக்கும் முதல் ஐந்தாண்டுகள் மெடிக்கெய்டை மறுத்தது. 2009 சட்டம் குழந்தைகளுக்கு அந்தக் காத்திருப்பை நீக்க மாநிலங்களுக்கு அனுமதி தந்தது, பெரும்பாலானவை நீக்கிவிட்டன. எச்-1பி விசாவில் இருக்கும் தமிழ்க் குடும்பங்கள் இதை அறிந்திருப்பது நல்லது: வேலை போய் நிறுவனக் காப்பீடும் போகும் வேளையில், அங்கே பிறந்த குழந்தை அமெரிக்கக் குடிமகன் என்பதால் வருமானத்துக்கு ஏற்ப மெடிக்கெய்டுக்கோ சிப்புக்கோ விண்ணப்பிக்கலாம், அதற்குத் தனிப் பருவமும் இல்லை. ஆனால் அரசு உதவி பெறுவது கிரீன் கார்டுக்குக் குறுக்கே நிற்குமோ என்ற அச்சம் உண்மையானது. டிரம்ப் அரசு 2019இல் அறிவித்து 2021இல் கைவிடப்பட்ட விதியின் காலத்தில், அந்த விதி தொடாத குடிமக்களான குழந்தைகளைக்கூடப் பெற்றோர் திட்டத்திலிருந்து விலக்கிக்கொண்டார்கள். இவ்விதிகள் அரசுக்கு அரசு மாறுவதால் குடிவரவு வழக்கறிஞரைக் கேட்டுவிடுவது பாதுகாப்பு.

கட்சிகள் ஏன் ஒத்துப்போவதில்லை என்ற கேள்விக்கு என் பதில், குழந்தைகளைப் பற்றி அவர்களிடையே பெரிய பகை இல்லை என்பதே. பகை வேறெதைப் பற்றியோ இருக்க, குழந்தைகள் அதில் பணயப் பொருளாகிறார்கள். 2017 செப்டம்பர் 30 அன்று சிப்பின் நிதிக்காலம் முடிந்தது. அப்போது அதிலிருந்த குழந்தைகள் சுமார் 90 லட்சம். திட்டத்தை எவரும் எதிர்க்கவில்லை, செலவை எங்கிருந்து ஈடுகட்டுவது என்பதில்தான் இழுபறி. கொலராடோ, வர்ஜீனியா போன்ற மாநிலங்கள் காப்பீடு நின்றுபோகலாம் என்று பெற்றோருக்குக் கடிதம் அனுப்பும் அளவுக்கு அது நீண்டது. கடைசியில் வரவுசெலவு அலுவலகம் கணக்குப் போட்டபோது, பத்தாண்டுகளுக்கு நீட்டித்தால் அரசுக்குச் செலவு கூடாது, சுமார் 600 கோடி டாலர் மிச்சமே ஆகும் என்று தெரிந்தது. சிப் இல்லாவிட்டால் அக்குழந்தைகளில் பலருக்கு அரசு மானியம் தந்து விலையுயர்ந்த தனியார் காப்பீடு வாங்கித் தரவேண்டியிருக்கும். அரசு அலுவலகங்கள் நிதியின்றி முடங்கி மீண்ட 2018 ஜனவரி 22 அன்று ஆறாண்டு நீட்டிப்பும், பிப்ரவரியில் மேலும் நான்காண்டும் கிடைத்தன. அதன்பின் வந்த இன்னொரு நீட்டிப்பால் இப்போதைய நிதி 2029 நிதியாண்டு வரை இருக்கிறது.

அதற்கு முன்பே வேறொரு சோதனை வருகிறது. 2025 ஜூலை 4 அன்று டிரம்ப் கையெழுத்திட்ட சட்டம், மெடிக்கெய்டு விரிவாக்கத்தால் சேர்ந்த பெரியவர்கள் மாதம் 80 மணி நேர வேலையையோ அதற்கிணையான செயலையோ காட்டவேண்டும் என்கிறது. ஆறு மாதத்துக்கொருமுறை தகுதியைச் சோதிக்கவும் சொல்கிறது. 13 வயது வரையிலான பிள்ளைகளை வளர்க்கும் பெற்றோருக்கு வேலை விதியிலிருந்து விலக்கு உண்டு, குழந்தைகளை அது நேரடியாகத் தொடவும் இல்லை. சட்டத்தின் ஆதரவாளர்கள் இதைச் சுட்டிக்காட்டி, குழந்தைகளுக்கு எந்தக் குறையும் வராது என்கிறார்கள். ஆனால் விலக்குப் பெறுவதற்கும் படிவம் நிரப்பவேண்டும், ஆறு மாதச் சோதனையிலிருந்து அந்தப் பெற்றோரும் தப்ப முடியாது. 2013க்குப் பின் பெற்றோரோடு சேர்ந்து உள்ளே வந்த குழந்தைகள், இந்த விதிகள் 2027 தொடக்கத்தில் முழுமையாக நடைமுறைக்கு வரும்போது பெற்றோரோடு சேர்ந்தே வெளியேறுவார்கள் என்று நான் எதிர்பார்க்கிறேன். எத்தனை பேர் என்பது ஒவ்வொரு மாநிலமும் அந்தப் படிவத்தை எவ்வளவு எளிதாக வைக்கிறது என்பதைப் பொறுத்தது.